அட்டகாமா: மழையின்மை சேமித்த மண்

தென் அமெரிக்க நாடான பொலிவியா, 1879ஆம் ஆண்டு தொடங்கிய போரில் தனது கடற்கரை முழுவதையும் சிலியிடம் இழந்தது. அந்தப் போருக்குக் காரணமான வெடியுப்பு, அட்டகாமா பாலைவனத்து மண்ணில் கிடைத்தது. மழை வளம் மிக்க நாடுகளில் அத்தகைய மண் உருவாக முடியாது.

ஈரமான நிலங்களில் மழைநீர் பாறைகளைச் சிதைத்து, அவற்றிலிருந்து கரையும் உப்புகளை ஆறுகள் வழியே கடலில் சேர்த்து விடுகிறது. வறண்ட நிலங்களில் நிலைமை நேர்மாறானது. பெய்யும் சிறிதளவு நீரும் ஆழமாக இறங்குவதற்கு முன்பே ஆவியாகி விடுவதால், அதில் கரைந்த சுண்ணாம்பும் உப்பும் மண்ணுக்குள்ளேயே படிந்து விடுகின்றன.

அட்டகாமா இதன் உச்சநிலை எனலாம். கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடர் ஈரக்காற்றைத் தடுக்கிறது. மேற்கே பசிபிக் கடலின் குளிர் நீரோட்டம் மழைமேகம் உருவாக விடுவதில்லை. சில பகுதிகளில் சராசரி ஆண்டு மழை 2 மில்லிமீட்டரைக் கூட எட்டுவதில்லை. இந்த வறட்சி பல லட்சம் ஆண்டுகளாக நீடித்து வருவது.

இங்கு மண்ணை வளர்ப்பதில் பாறையை விட வானத்துக்கே பங்கு அதிகம். காற்று கொண்டுவரும் தூசி, கடலிலிருந்து வரும் உப்பு, வளிமண்டலத்தில் சூரிய ஒளியின் உதவியால் உண்டாகும் நைட்ரேட் ஆகியவை சிறுகச் சிறுகப் படிகின்றன. வேறு இடமாயின் நைட்ரேட்டைத் தாவரங்கள் உறிஞ்சியிருக்கும், நுண்ணுயிர்கள் சிதைத்திருக்கும், அல்லது மழை கரைத்துச் சென்றிருக்கும். அட்டகாமாவின் மையப்பகுதியில் இம்மூன்றுமே ஏறக்குறைய இல்லை.

எப்போதோ விழும் தூறல் இந்த உப்புகளைத் தரம் பிரிக்கிறது. எளிதில் கரையாத ஜிப்சம் மேலே தங்க, எளிதில் கரையும் நைட்ரேட்டும் சாதாரண உப்பும் கீழே இறங்கிப் பாறை போல் இறுகுகின்றன. 'கலிச்சே' எனப்படும் இந்தப் படிவத்தை வெடிவைத்தே தகர்க்க வேண்டியிருந்தது.

இந்த வெடியுப்பு ஐரோப்பிய வயல்களுக்கு உரமாகவும், வெடிமருந்துத் தொழிலுக்கு மூலப்பொருளாகவும் ஏற்றுமதியானது. 1878ல் பொலிவியா, குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி விதித்தது. சிலி நாட்டவரும் பிரிட்டிஷாரும் முதலீடு செய்திருந்த நிறுவனம் அதைச் செலுத்த மறுத்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் சிலியின் படைகள் அன்டோஃபகாஸ்டா துறைமுகத்தில் இறங்கின. பொலிவியாவின் கூட்டாளியான பெருவும் போருக்குள் இழுக்கப்பட்டு, வெடியுப்பு வளம் மிக்க தராபகா மாகாணத்தை இழந்தது.

1913ல் ஜெர்மனியில் அமோனியாவைத் தொழிற்சாலையில் தயாரிப்பது தொடங்கிய பின்னர், அட்டகாமா உப்பின் மதிப்பு படிப்படியாகச் சரிந்தது. சுரங்க ஊர்கள் ஆளற்றுப் போயின. எல்லைக்கோடு மட்டும் மாறவில்லை. கடலுக்கு வழி தருவது குறித்துப் பேச்சு நடத்த சிலிக்குச் சட்டக் கடப்பாடு இல்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பொலிவியாவிடம் இன்றும் ஒரு கடற்படை உண்டு. அது டிடிகாகா ஏரியிலும் ஆறுகளிலும் இயங்குகிறது.