பழைய லாரியும் பரக்கத்தும்

பிறருடைய லாரியைப் பல்லாண்டுகள் ஓட்டிய ஒருவருக்கு, நமக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. புது லாரியின் விலையோ எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே நாமக்கல், சங்ககிரி போன்ற ஊர்களில் விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டிகளை நாடிச் செல்கிறார். மனைவியின் நகையும் உறவினரின் கைம்மாற்றும் முதலாகின்றன. குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஒரே வண்டியில் ஏறி அமர்ந்துவிடுகிறது. எனவே, அன்பார்ந்த வாசகர்களே, இது ஓட்டுநர் மட்டும் அறிய வேண்டிய செய்தியன்று. இல்லத்தார் அனைவரும் அறிய வேண்டியதாகும்.

விற்பவர் கடமை

கடைத்தெருவில் தானியக் குவியலொன்றைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதனுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் வரும் இந்நிகழ்ச்சி லாரிக்கும் பொருந்தும். சேஸிஸில் விழுந்த விரிசலைப் பற்றவைத்து, அதன்மேல் புதுப் பெயின்ட் அடித்து விற்பதும் ஈரத் தானியத்தை மறைப்பதும் ஒன்றே.

வாங்குபவர் கடமை

விற்பவர் நல்லவராயினும் சோதிக்காமல் வாங்காதீர்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடேற்றி வைத்த இன்ஜின் தன் குறையை மறைத்துவிடும். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஓயாத வெண்புகை, தண்ணீர் இன்ஜினுக்குள் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் அந்த ஐயம் உறுதிப்படும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை வேகமாக வெளியேறுமானால், ரிங்கும் லைனரும் தேய்ந்துள்ளன என்று கருதலாம்.

வண்டிக்கு அடியிலும் பாருங்கள். ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸோடு சேரும் இடங்களில்தான் விரிசல் பெரும்பாலும் தொடங்கும். டயர்கள் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தால் கிங்பின்னிலோ அச்சிலோ கோளாறு இருக்கக்கூடும். யூரியாக் கரைசல் ஊற்றி ஓடும் வண்டியாயின், அந்த அமைப்பு துண்டிக்கப்படாமல் இயங்குகிறதா என்று கவனியுங்கள்.

ஆவணங்கள்

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் உள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். நிலுவை வரி, அபராதம், ஃபைனான்ஸ் பாக்கி உண்டா என விசாரியுங்கள். வாகனம் எட்டு வயதைக் கடந்தால் எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். பல அச்சு வண்டிகளுக்கு 15 வயது வரையும், மற்ற லாரிகளுக்கு 12 வயது வரையுமே நேஷனல் பர்மிட் கிடைக்கும். பதினோரு வயது வண்டியை வாங்கி, வடநாட்டு லோடுக்குக் கனவு காண்பதில் பயனில்லை.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மாநிலத்திற்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். வண்டியை விற்றிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அலட்சியம் விற்றவரின் குடும்பத்தையும் தெருவில் நிறுத்திவிடும்.

பராமரிப்பு

பழைய லாரியை நாம் இருமுறை வாங்குகிறோம். முதல் விலையை விற்பவரிடமும், இரண்டாம் விலையை ஓராண்டுக்குள் பட்டறையிலும் கொடுக்கிறோம். கையிலுள்ள பணம் முழுவதையும் முதல் விலைக்கே கொடுத்தவர், டயர் வெடித்த அன்றே கடன்காரராகிறார். எனவே பட்டறைக்கென ஒரு தொகையை ஒதுக்கிய பின்னரே விலை பேசுங்கள்.

நாள்தோறும் ஆயில், தண்ணீர், டயர்க் காற்று ஆகியவற்றைப் பாருங்கள். பிரேக்குக்குரிய காற்றுத் தொட்டியில் சேரும் நீரைத் திறந்துவிடுங்கள். இரட்டைச் சக்கரங்களின் இடுக்கில் சிக்கிய கல்லை அகற்றுங்கள். கிரீஸையும் ஏர் ஃபில்டரையும் மறவாதீர்கள். ஒவ்வொரு நடையின் வாடகை, டீசல், சுங்கம், ரிப்பேர் எல்லாவற்றையும் வீட்டிலுள்ள சகோதரிகள் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். இலாபம் எது, முதலே கரைவது எது என்று அப்போது விளங்கும்.

தவணைக்கு அஞ்சி ஓவர்லோடு ஏற்றுவோர் உண்டு. 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி இதற்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பிரேக் பிடிக்காத பாரமும் தூங்காத கண்ணும் பறிக்கும் உயிருக்கோ விலையே இல்லை.

முதலும் ஜகாத்தும்

வட்டிக்கு வாங்கித்தான் தொழில் செய்ய வேண்டும் என்பதில்லை. இருவர் மூவர் கூட்டாகச் சேர்ந்து வாங்கி, போட்ட முதலுக்கேற்ப இலாபத்தையும் நட்டத்தையும் பகிர்ந்துகொள்ளலாம். ஓட்டுபவருக்குக் கூலி தனி. இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் இவ்வளவு வேண்டுமெனக் கேட்பது கூட்டாகாது. அது வட்டியின் சாயலாகிவிடும். மனைவியின் நகை மனைவிக்கே உரியது. அவர் மனமுவந்து கடனாகத் தந்தால் எழுதி வையுங்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு திருமறையின் பகரா அத்தியாயம், 282ஆவது வசனம் கூறுகிறது. கணவன் மனைவிக்கு அதில் விலக்கு இல்லை.

வாடகைக்கு ஓடும் லாரியின் விலைக்கு ஜகாத் இல்லை. அதன் வருமானத்தில் மிஞ்சிய பணம் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் இரண்டரை சதவீதம் கடமையாகும். வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு லாரியே வணிகச் சரக்கு. அதன் சந்தை விலைக்கு ஜகாத் உண்டு.

குறையை மறைக்காத விற்பனையிலும், கண்ணைத் திறந்து செய்யும் கொள்முதலிலும் பரக்கத் இருக்கிறது. சாலையில் உழைக்கும் நம் சகோதரர்களை வல்ல அல்லாஹ் ஹலாலான ரிஸ்க்குடன் நலமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.