மேடும் பற்சில்லும்: பூர்கோன் முந்திரிகைச் சரிவுகளில் சைக்கிள் ஓட்டம்



வசந்தகாலம் பிறந்ததும் இந்நாட்டுப் பாடசாலைகள் சிலவற்றிலிருந்து பெற்றோருக்கு ஒரு கடிதம் வருவதுண்டு. பிள்ளைகளைச் சில நாட்களுக்குச் சைக்கிளில் மலைச்சாரல் ஊர்களுக்கு அழைத்துச் செல்லவிருப்பதாகவும், சம்மதமாயின் கையொப்பமிட்டு அனுப்புமாறும் அக்கடிதம் கேட்கும். எம்மவர் இல்லங்களிலிருந்து அது பல வேளைகளில் கையொப்பமின்றியே திரும்புகின்றது. "மேடும் பள்ளமுமான இடம், பிள்ளை களைத்துப் போகும், வீதியில் வாகனம் வரும், போதாக்குறைக்கு அது வைன் செய்கின்ற ஊர்" என்று காரணங்கள் கூறப்படுகின்றன. பிள்ளை மறுநாள் வகுப்பிற்குச் சென்று, தான் மட்டும் வரவில்லை என்று சொல்லவேண்டியிருக்கின்றது.

பெற்றோரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. சைக்கிளைப் பற்றி எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பதும் உண்மையே. 1990களின் தொடக்கத்தில் எரிபொருள் தடை நிலவிய காலத்தில் யாழ்ப்பாணத்தில் நெல் மூடையும் விறகும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்றனர். ஆனால் யாழ்ப்பாணம் சமதரை. அங்கு எதிர்க்காற்றை அறிந்தோமேயன்றி மேட்டை அறிந்தோமில்லை. பற்சில்லு மாற்றும் வசதி எமது வண்டிகளில் இருக்கவுமில்லை, தேவைப்படவுமில்லை. ஆகவே மேடு என்றதும் அதனை வலிமையுள்ளவனே ஏறுவான் என்று எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் சரியன்று. மேடு கணக்கினால் ஏறப்படுவது. அதனை விளக்குவதற்குப் பிரான்சின் கிழக்குப் பகுதியில் உள்ள பூர்கோன் பிரதேசத்து முந்திரிகைச் சரிவுகளை எடுத்துக்கொள்வோம்.

டிஜோன் நகரிலிருந்து தெற்கு நோக்கி, போன் என்னும் நகரைக் கடந்து (பெயரைக் கேட்டுத் தொலைபேசி என்று எண்ணவேண்டாம்) சாந்தனே என்னும் ஊர்வரை ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு சரிவு நீண்டு கிடக்கின்றது. கோத் டோர் என்பது அதன் பெயர். கிழக்கே சோன் ஆற்றுச் சமவெளி. மேற்கே காடடர்ந்த மேட்டுநிலம். இரண்டுக்கும் இடையில் சேலைக் கரைபோல ஒடுங்கிய முந்திரிகைத் தோட்டங்கள். பண்டைக் காலத்தில் நிலப்பாறை பிளந்து கிழக்குப் பக்கம் தாழ்ந்ததனால் உண்டான சரிவு இது. பாறையோ சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் நாம் கண்டதும் சுண்ணாம்புக்கல்லே, எனினும் இது அதனிலும் மிகப் பழையது.

முந்திரிகையை ஏன் இச்சரிவில் நட்டார்கள்? சமவெளியில் நட்டிருந்தால் உழவும் இலகு, அறுவடையும் இலகு அல்லவா? காரணம் இதுதான். சரிவில் மழைநீர் தேங்காது வடிந்து செல்லும். வேர் நீரைத் தேடி ஆழத்துக்கு இறங்கும். கிழக்கு நோக்கிய சரிவாதலால் காலை வெயில் முதலில் அங்கு விழும். குளிர்ந்த காற்று பாரமானது. இரவில் அது சரிவில் நில்லாது கீழே வழிந்து செல்வதால் இளந்தளிர் உறைபனியிலிருந்து ஓரளவு தப்பும். எனவே சரிவின் நடுப்பாகமே மிக உயர்ந்த நிலம் என மதிக்கப்படுகின்றது. அதன் உச்சியில் மண் மெலிந்தது, அடிவாரத்தில் ஈரம் மிகுந்தது. வூஜோ என்னும் ஊரில் சித்தோ மடத்துத் துறவியர் 12ஆம் நூற்றாண்டிலிருந்து உருவாக்கிய மதில் சூழ்ந்த தோட்டம் ஒன்றுண்டு. 50 ஹெக்டயர் பரப்புள்ள அத்தோட்டம் இன்று ஏறத்தாழ 80 உடைமையாளர்களுக்குச் சொந்தம். மதில் ஒன்றே, பெயரும் ஒன்றே. ஆயினும் மேற்பாகத்து நிலத்துக்கும் வீதியோரத்து நிலத்துக்கும் மதிப்பில் வேறுபாடு பார்க்கின்றனர். எல்லையும் பெயரும் உள்ள இத்தகைய சிறு நிலத்துண்டுகளைப் பூர்கோன் மக்கள் 'கிளிமா' என்பர். 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

மகிழுந்தில் செல்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. சைக்கிளில் செல்பவரின் முழங்கால் அதனை உடனே அறிந்துவிடும். எந்த இடத்தில் மிதி கனக்கின்றதோ அந்த இடத்தில் நிலத்தின் விலையும் கனக்கத் தொடங்குகின்றது. எமது ஊர் முந்திரிகை பந்தலில் படர்வது. இங்கு கொடியை இடுப்பளவு உயரத்தில் வெட்டி நிரை நிரையாக நிறுத்தியிருப்பார்கள். அதனால் ஓட்டுபவரின் பார்வையை எதுவும் மறைக்காது. அடுத்த ஊரின் கோவிற் கோபுரம், மதில், குறுக்குச் சந்தி எல்லாம் தொலைவிலேயே தெரியும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 6 சாய்வு என்றால் 100 மீற்றர் முன்னோக்கிச் செல்லும்போது 6 மீற்றர் உயர்கின்றோம் என்பது பொருள். எமது பழைய சைக்கிளில் முன்னால் 48 பற்களும் பின்னால் 18 பற்களும் உள்ளன எனக் கொள்வோம். மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சில்லு இரண்டரைச் சுற்றுக்கும் சற்று மேலாகச் சுற்றும். வண்டி ஏறக்குறைய 6 மீற்றர் செல்லும். அந்தச் சாய்வில் அது 36 சென்ரிமீற்றர் உயர்வாகும். பிள்ளையும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ என்றால், ஒவ்வொரு சுற்றிலும் 60 கிலோப் பாரத்தை 36 சென்ரிமீற்றர் தூக்க வேண்டும். எவ்வளவு நேரம் தூக்கலாம்?

இப்போது முன்னும் பின்னும் 34 பற்கள் உள்ள நிலைக்குச் சங்கிலியை மாற்றுங்கள். ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 2 மீற்றரே செல்லும். பாரம் 12 சென்ரிமீற்றரே உயரும். சுற்றுகள் மும்மடங்காகும், ஆனால் ஒவ்வொரு சுற்றின் சுமையும் மூன்றில் ஒன்றாகிவிடும். செய்து முடிக்கும் வேலை மொத்தத்தில் ஒன்றே. பெருங்கடனை ஒரே நாளில் கட்ட முயல்பவன் முறிந்து போவான். தவணையில் கட்டுபவன் உறங்கி எழுந்து கட்டுவான். பற்சில்லு மாற்றுவதும் இத்தகையதே. மேடு தொடங்குவதற்கு முன்னரே மாற்றிவிட வேண்டும் என்பது முக்கியம். நடு மேட்டில் முழுப் பலத்துடன் மிதித்தவாறு மாற்ற முயன்றால் சங்கிலி கழன்றுவிடும்.

இவ்வளவு எளிய உண்மையைப் பிரெஞ்சுக்காரரே நெடுங்காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. 1903இல் தூர் து பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஹென்றி டெகிறாஞ், பற்சில்லு மாற்றும் கருவி நாற்பத்தைந்து வயதைத் தாண்டியோருக்கே உரியது என்ற கருத்துடையவர். (நாற்பதுகளில் இருக்கும் எமக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு.) அக்காலப் போட்டியாளர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபக்கத்துப் பல்லில் சங்கிலியை மாட்டி ஏறினர். 1937ஆம் ஆண்டிலேயே அப்போட்டியில் பற்சில்லு மாற்றுக் கருவி அனுமதிக்கப்பட்டது.

டெகிறாஞ்சுக்கு மறுபக்கத்தில் நின்றவர் சென் எத்தியேன் நகரைச் சேர்ந்த போல் து விவி. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய இவர், மேடுகளுக்குப் பற்சில்லு மாற்றம் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டார். 1930இல் காலமானார். பசிக்குமுன் உண், தாகத்துக்குமுன் குடி, களைக்குமுன் பிற்பாட்டுக்கு வலிமையை மிச்சம்பிடி என்ற வகையில் அவர் வகுத்த விதிகளைப் பிரெஞ்சுச் சைக்கிளோட்டிகள் இன்றும் சொல்லிக்கொள்கின்றனர். பயணத்தின்போது வைனும் புகையும் கூடாது என்பதும் அவற்றுள் அடங்கும். வைன் நாட்டில் பிறந்த சைக்கிள் ஆசானே இதனைச் சொல்லியிருப்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் சைக்கிள் சுற்றுலாவில் முந்திரிகை என்பது பார்க்கும் பயிர், அவ்வளவே.

உணவு பற்றி இன்னொன்று. தசையிலும் ஈரலிலும் சேர்ந்துள்ள மாச்சத்து, கடும் ஓட்டத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் குறைந்துவிடும். அதன்பின் கண் இருளும், கால் நடுங்கும். எனவே அரைமணிக்கொருமுறை சிறிதளவு உண்ண வேண்டும். தொழில்முறை வீரர்கள் குழைய அவித்த சோற்றைத் துண்டுகளாக வெட்டித் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் கொண்டுசெல்கின்றனர். எமது தாய்மார் உருட்டித் தரும் சோற்றுருண்டையை வெட்கப்பட்டு ஒளித்துத் தின்னும் பிள்ளைகள் இதனை அறிந்துகொள்வது நல்லது.

2024 யூலை 5ஆம் நாள் இச்சரிவிலேயே தூர் து பிரான்சின் ஏழாவது நாள் ஓட்டம் நடைபெற்றது. நுயி சென் ஜோர்ஜிலிருந்து ஜெவ்றே ஷாம்பேர்தான் வரை 25.3 கிலோமீற்றர்; ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்துடன் போட்டியிடும் ஓட்டம். பெல்ஜிய நாட்டு ரெம்கோ எவனெபூல் 28 நிமிடம் 52 விநாடியில் முடித்தார். இரண்டாவதாக வந்த ததேய் பொகாச்சர் அவரிலும் 12 விநாடி பிந்தியவர். இடையில் கூர்த்தில் வெர்ஜி என்னும் ஊருக்கு ஏறும் மேடு 1.6 கிலோமீற்றர் நீளம், சராசரிச் சாய்வு நூற்றுக்கு 6. மேலே நாம் போட்ட கணக்கு இந்த மேட்டுக்குரியதே. பதின்மூன்று வயதுப் பிள்ளை, சிறிய பற்சில்லில், பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில் கால்மணி நேரத்துக்குள் இதனை ஏறிவிடலாம். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்பது அடையாளம். இறங்கி உருட்டிச் சென்றாலும் குறைவில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது ஏற்றத்தையன்று, இறக்கத்தையே. வளைவுக்குள் நுழைந்தபின் பிறேக் பிடித்தால் சில்லு வழுக்கும். நேராக இருக்கும்போதே இரு கைப் பிறேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பின்னரே வளைய வேண்டும். முந்திரிகை அறுவடை பெரும்பாலும் செப்ரெம்பரில் நடைபெறும். 2003, 2020 போன்ற வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் ஓகஸ்டிலேயே தொடங்கியது. அக்காலத்தில் கொடி நிரைகளுக்கு மேலாகக் கவைத்துச் செல்லும் உயரமான உழவு இயந்திரங்கள் வீதிக்கு வரும்; அவற்றின் சில்லுகளிலிருந்து விழும் சேறும் நசுங்கிய பழமும் வீதியை வழுக்கலாக்கும். மே, யூன் மாதங்களில் மருந்து தெளிப்பதைக் கண்டால் நின்று, காற்று எப்பக்கம் வீசுகின்றது என்று பார்த்துப் போக வேண்டும்.

வாகனங்களைப் பொறுத்தவரை, சைக்கிளை முந்தும் வாகனம் ஊருக்குள் 1 மீற்றரும் ஊருக்கு வெளியே ஒன்றரை மீற்றரும் விலகிச் செல்லவேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் 2017 மார்ச் மாதத்திலிருந்து கட்டாயம். அதற்கு மேற்பட்டோருக்குக் கட்டாயமில்லை. எமது பிள்ளைகளுக்கு நாமே கட்டாயமாக்கலாம். 2019இலிருந்து ஆறு முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளுக்கு வீதியில் சைக்கிள் ஓட்டப் பழக்கும் பத்து மணித்தியாலப் பயிற்சியும் நடைமுறைக்கு வந்துள்ளது. பாடசாலையில் அது உண்டா என்று கேட்டறியுங்கள்.

முதன்முறை குடும்பமாகச் செல்ல விரும்புவோருக்குப் போன் நகரிலிருந்து சாந்தனே வரை தோட்டங்களுக்கு நடுவே செல்லும் ஏறத்தாழ 22 கிலோமீற்றர்ச் சைக்கிள் பாதை பொருத்தமானது. டிஜோனிலிருந்து போனுக்குச் செல்லும் பிராந்தியத் தொடர்வண்டியில் சைக்கிளையும் ஏற்றலாம். பொம்மார், வொல்னே, மேர்சோ என்று பெயர்பெற்ற ஊர்களைத் தொட்டுச் செல்லும் இப்பாதையில் மேடு உண்டு, ஆனால் நீண்ட மேடு இல்லை. பழத்தைப் பறிக்கவேண்டாம், ஒவ்வொரு நிரைக்கும் உடைமையாளர் உண்டு. இரண்டு போத்தல் தண்ணீரும் ஒரு ரியூபும் காற்றடிக்கும் பம்மும் கையில் இருக்கட்டும். சாந்தனேயை அடைந்தபின் கால்வாயோரமாகச் சில கிலோமீற்றர் சென்றால் ஷாஞ்ஞி நிலையத்தில் திரும்பும் வண்டியைப் பிடிக்கலாம். கால்வாயோரப் பாதை யாழ்ப்பாணம் போலச் சமதரை. அங்கு பற்சில்லு மாற்றவேண்டியதில்லை.