3 லட்சம் பிரதி போயும் மூடப்பட்ட இசைப் பத்திரிகை: மறுபடி அச்சுக்கு வந்தது ஏன்?

போனில் ஒரு பாட்டு முடிஞ்சதும் அடுத்த பாட்டு தானா ஓட ஆரம்பிச்சிடுது. புது ஆல்பம் எப்போ வருது, யார் இசைன்னு எல்லாத் தகவலும் இலவசம். அப்போ இசைக்குன்னு அச்சில் ஒரு பத்திரிகை எதுக்கு? அதோட புது இதழால் யாருக்கு லாபம்?

பிரிட்டனின் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்', சுருக்கமா என்.எம்.இ., இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம்.

அப்படி என்ன செஞ்சது என்.எம்.இ.?

1952-ல் லண்டனில் தொடங்கிய வாரப் பத்திரிகை இது. அந்த ஆண்டு நவம்பர் 14-ம் தேதி இதழில்தான் பிரிட்டனின் முதல் சிங்கிள்ஸ் விற்பனைப் பட்டியல் வெளியானது. கம்ப்யூட்டர் கிடையாது. சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்கு போன் போட்டு, "இந்த வாரம் எது அதிகம் வித்தது?"ன்னு கேட்டே பட்டியல் தயாரானது.

பீட்டில்ஸ் அலை அடிச்ச 1964-ல் விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியது.

1986-ல் 22 சின்ன பேண்டுகளின் பாடல்களைத் தொகுத்து 'சி86' என்ற கேசட்டை வெளியிட்டது. பெரும்பாலானவை பெரிசா பேர் வாங்காத குழுக்கள். ஆனா அந்த கேசட்டின் பெயரே ஒரு இசைப் பாணிக்குப் பெயரா நிலைச்சது. நீங்க தேடாத ஒரு பாட்டை உங்க காதுவரை கொண்டு வர்றதுதான் இசைப் பத்திரிகையின் முக்கிய வேலை.

எங்கே சறுக்கியது?

செய்தி இணையத்துக்குப் போச்சு. பாட்டும் அங்கேயே போச்சு. 2014 வாக்கில் விற்பனை சுமார் 15,000 பிரதிகளுக்குச் சுருங்கியது.

2015 செப்டம்பரில் பத்திரிகையை இலவசமாக்கினாங்க. ரயில் நிலையம், கல்லூரி, கடைன்னு எல்லா இடத்திலும் விநியோகம். பிரதி எண்ணிக்கை மறுபடி 3 லட்சத்தைத் தொட்டது. ஆனாலும் 2018 மார்ச்சில் அச்சு இதழ் நின்னுபோச்சு. இணையதளம் மட்டும் தொடர்ந்தது.

கணக்கு எளிமையானது. விற்கும் பத்திரிகையில் ஒவ்வொரு பிரதியும் கொஞ்சமாவது வருமானம் தரும். இலவசப் பத்திரிகையில் ஒவ்வொரு பிரதியும் செலவு. அதை விளம்பரம்தான் ஈடுகட்டணும். தயாரிப்புச் செலவு ஏறுது, அச்சு விளம்பரச் சந்தை நெருக்கடியில் இருக்குன்னு பதிப்பாளர்களே காரணம் சொன்னாங்க.

அப்போ 2023-ல் புது இதழ் எப்படி வந்தது?

2019-ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் டெக்னாலஜீஸ் என்.எம்.இ.யை வாங்கியது. 2023-ல் அச்சு இதழ் திரும்பியது. இந்தமுறை வாரத்துக்கு ஒண்ணு இல்லை, இரண்டு மாசத்துக்கு ஒண்ணு. பிரதிகளும் குறைவு.

செய்தி சொல்ற வேலையை இணையதளம் பார்த்துக்குது. அச்சு இதழ் கலைஞருக்கு ஒரு அங்கீகாரம், ரசிகருக்குப் பத்திரப்படுத்தி வைக்கிற பொருள். வினைல் இசைத்தட்டுகள் திரும்பி வந்த மாதிரிதான்.

இதில் நமக்கு என்ன?

இந்தியாவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1993-ல் அமித் சைகல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையைத் தொடங்கியது மும்பையிலோ டெல்லியிலோ இல்லை, அலகாபாத்தில். வீட்டுக்கு வீடு இணையம் வராத காலத்தில், நம்ம ராக் பேண்டுகளுக்குன்னு அச்சில் ஒரு இடம் கிடைச்சது. 'ரோலிங் ஸ்டோன்' இதழின் இந்தியப் பதிப்பு வந்தது 2008-ல்தான்.

அல்காரிதம் உங்களுக்குப் பிடிச்சது மாதிரியே இன்னொண்ணு கொடுக்கும். "இந்த ஆல்பம் சரியில்லை, காரணம் இது"ன்னு சொல்லாது. அதைச் சொல்ல ஒரு விமர்சகர் வேணும், அவருக்குச் சம்பளம் வேணும். வாசகர் கொடுக்கலைன்னா விளம்பரதாரர் கொடுப்பார். பணம் கொடுக்கிறவரே ஆல்பத்தையும் வெளியிட்டா, கறாரான விமர்சனம் எழுதுறது கஷ்டம்.

அதனால அடுத்த தடவை ஒரு இசை இதழை, அச்சிலோ ஆன்லைனிலோ, பார்க்கும்போது அட்டைப் படத்தோட நிறுத்தாதீங்க. மூணு விஷயம் கவனிங்க: விளம்பரம் யாருடையது? ஒரு விமர்சனத்திலாவது குறை சொல்லியிருக்காங்களா? நீங்க பேரே கேள்விப்படாத கலைஞர்கள் எத்தனை பேர்? பதில் திருப்தியா இருந்தா சந்தா கட்டுங்க. 3 லட்சம் இலவசப் பிரதிகளால் காப்பாத்த முடியாத பத்திரிகையை, காசு கொடுக்கிற சில ஆயிரம் பேர் காப்பாத்தலாம்.