கைபேசியும் வெளிமாநிலத் தமிழரும்

பிழைப்பை நாடி வெளிமாநிலம் சென்ற தமிழருக்கு, சென்ற தலைமுறை வரையில், ஊரோடு இருந்த தொடர்பெல்லாம் தபால்காரர் கையில் இருந்தது. இன்லண்டு கடிதம் ஒன்றை எழுதிப் போட்டால், மறுமொழி வருவதற்கு ஒரு வாரமேனும் ஆகும். அந்த ஒரு வாரத்தில் அவர் அயல் வீட்டாரோடு பேசியாக வேண்டும். கடைக்காரரிடம் அவருடைய மொழியில் விலை கேட்டாக வேண்டும். புதிய ஊரைச் சிறிது சிறிதாகத் தம் ஊராக்கிக்கொள்ள வேண்டும். இன்றோ ஊர் முழுவதும் சட்டைப் பையில் வந்து அமர்ந்துவிட்டது. தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். ஊர்த் தேரோட்டத்தை வீட்டிலிருந்தே காணலாம். இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இச்சிறு கருவி நம்மை நாம் யார் என்று கருதும் கருத்தையும், பிறரோடு பழகும் திறத்தையும், சிந்திக்கும் முறையையும் எவ்வாறு மாற்றுகின்றது என்பதைச் சற்று ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குப் பெங்களூர் நகரம் மிகவும் ஏற்றது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே படைப்பாசறை அமைத்த காலந்தொட்டு, தொழிலும் வாணிகமும் கருதித் தமிழர் பலர் சென்று குடியேறினர். அல்சூர், சிவாஜி நகர் முதலிய பகுதிகளில் இன்றும் தமிழொலி கேட்கலாம். 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரியின் அருகே விளங்குகின்றது. நெடுங்காலம் திறக்கப்படாமல் இருந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பெற்றது. அதே மாதத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பெற்றது. இத்தகைய பழந்தொடர்புடைய நகரமே இன்று நாட்டின் கணினித் தொழிலுக்குத் தலைநகராகவும் திகழ்கின்றது.

முதலில் மொழியைக் கவனிப்போம். வெளிமாநிலத் தமிழ்க் குழந்தைக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். கணினி தோன்றிய தொடக்கத்தில் ஒரு பொறியில் அடித்த தமிழ் மற்றொரு பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியதுண்டு. ஏனெனில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் ஒழுங்கை வைத்திருந்தது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு முறை 1991-இல் வெளிவந்தபோது, தமிழுக்கும் அதில் இடம் ஒதுக்கப்பெற்றது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ் விசைப்பலகைக்கு ஒரு நியமம் உண்டாயிற்று. 1998 முதல் மதுரைத் திட்டம் என்ற பெயரால், பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாக வைத்து வருகின்றனர். நூல் நிலையமே இல்லாத ஊரில் வாழும் தமிழரும் இன்று சங்க நூல்களைக் கைபேசியில் படிக்கலாம்.

ஆனால் படிப்பதற்கு எழுத்துத் தெரிய வேண்டுமே! பெங்களூரில் வளரும் சிறுவன் பாட்டிக்குச் செய்தி அனுப்ப எண்ணினால், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவிடுகின்றான். அல்லது குரலைப் பதிவு செய்து அனுப்பிவிடுகின்றான். ஆங்கில எழுத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடு மறைகின்றது. குறில் நெடில் மயங்குகின்றன. எழுத்தைக் கற்க வேண்டிய தேவையே அவனுக்கு எழுவதில்லை. தபாற்காலத்தில் தாத்தாவின் கடிதத்தைப் படிப்பதற்காகவேனும் தமிழ் கற்ற குழந்தைகள் உண்டு. கருவி அந்தத் தூண்டுதலை அகற்றிவிட்டது. ஆகவே தமிழ் அவனுக்குக் கேட்கும் மொழியாக நிற்கின்றது. படிக்கும் மொழியாக வளர்வதில்லை. எல்லா நூல்களும் கைக்கு எட்டிய காலத்திலேயே அவை கண்ணுக்கு எட்டாமற் போகின்றன.

இரண்டாவதாகச் சிந்தனையைப் பார்ப்போம். 1935-இல் மைசூரில் கோபாலசாமி என்ற உளநூற் பேராசிரியர் தம் சொந்த முயற்சியால் ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ஆகாசவாணி என்ற பெயர் அங்கிருந்தே நாடெங்கும் பரவியது. அக்காலத்து வானொலிப் பெட்டி வீட்டுக் கூடத்தில் இருந்தது. அனைவரும் ஒன்றையே கேட்டனர். கேட்டதைப் பற்றித் தம்முள் வாதிட்டனர். கைபேசியின் இயல்பு வேறு. நாம் எதன்மேல் சற்று அதிக நேரம் கண்ணை நிறுத்துகின்றோமோ, அதனை அது குறித்துக்கொண்டு, அதைப் போன்றவற்றையே மேலும் மேலும் முன்வைக்கின்றது. சினமும் அச்சமும் ஊட்டுபவை கண்ணை எளிதில் நிறுத்துவன. எனவே அவை விரைந்து பெருகுகின்றன. ஒரே வீட்டில் தந்தை காணும் உலகம் வேறு; மகன் காணும் உலகம் வேறு.

இதனால் விளையும் தீங்கினைப் பெங்களூர் நேரிற் கண்டதுண்டு. 2012 ஜூலையில் அஸ்ஸாமில் கலகம் மூண்டது. அடுத்த மாதம், வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்ற வதந்தி குறுஞ்செய்திகளாகப் பரவியது. ஆகஸ்ட் 15-ஆம் நாள் மாலை முதல் ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் நகர இரயில் நிலையத்தில் திரண்டனர். கௌஹாத்திக்குத் தனி வண்டிகள் விடப்பட்டன. மத்திய அரசாங்கம் ஒரே வேளையில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பலாகாது என்று 15 நாளைக்குத் தடை விதித்தது. ஓடியவர்களைப் பேதையர் எனக் கொள்வது தவறு. செய்தி அவர்களுக்கு அறியாதவரிடமிருந்து வரவில்லை. உற்றார் நண்பரிடமிருந்தே வந்தது. அது உண்மையா என்று கேட்டறிவதற்கு உள்ளூரில் நெருங்கிய பழக்கமுடையோர் இலராயின், தொலைவிலிருந்து வரும் சொல்லே துணையாகிவிடும்.

தமிழருக்கும் இப்பாடம் கிட்டியது. 2016 செப்டம்பரில் காவிரி நீர் பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபின், இரு மாநிலங்களிலும் நடந்த அடிதடிக் காட்சிகள் கைபேசிகளில் பரவின. அங்கே நடந்ததை இங்குள்ளவரும், இங்கே நடந்ததை அங்குள்ளவரும் கண்டு கொதித்தனர். செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு விதிக்கப்பட்டது. ஆற்று நீர் வழக்கு மிகப் பழையது. கைபேசி அதனை உண்டாக்கவில்லை. ஆனால் எங்கோ ஒரு தெருவில் சிலர் செய்த செயலை, ஓர் இனமே செய்ததாகக் காட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. 2018 ஜூலையில் வாட்ஸப் நிறுவனம், வந்த செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரையறை செய்தது. கைவிரல் சற்றுத் தயங்கினால் மனம் சற்று எண்ணும் என்பதே அதன் உட்கருத்து.

மூன்றாவதாகப் பழகுந்திறம். பேச்சுக்கலை பயிற்சியால் வருவது. எதிரே நிற்பவரின் முகக்குறிப்பை அறிதல், அவர் முடிக்கும்வரை காத்திருத்தல், தவறிச் சொன்ன சொல்லுக்கு அப்போதே வருந்துதல் ஆகியவற்றைத் தெருவும் திண்ணையும் நமக்குக் கற்பித்தன. கைபேசியிலோ பிடிக்காத பேச்சை நிறுத்திவிடலாம். சொன்ன சொல்லை அழித்துவிடலாம். மறுமொழி கூறாமலும் இருந்துவிடலாம். தெருவில் பந்தாடும் சிறுவன் சில மாதங்களிலேயே கன்னடம் பேசுகின்றான். அறையினுள் தனித்திருந்து ஆடுபவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. படிக்கத் தமிழும் பழகக் கன்னடமும் இன்றி அவன் வளர்வானாயின், ஈரூருக்கும் அயலானாக நிற்பான். வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் பெரிதும் அஞ்ச வேண்டியது இதுவே.

பழக்கம் எல்லை கடந்தால் நோயாகவும் மாறுவதுண்டு. நிம்ஹான்ஸ் என வழங்கும் தேசிய மனநல நரம்பறிவியல் நிலையம் பெங்களூரில் ஓசூர்ச் சாலையில் உள்ளது. அது 2014-இல், கைபேசி, இணையம், கணினி விளையாட்டு ஆகியவற்றிற்கு அடிமைப்பட்டோருக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. நாட்டில் இவ்வகையில் அதுவே முன்னோடி. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட புதிய நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் இடம் பெற்றுள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள் கூறுகின்றனர்: ஆட்டத்தை அடக்க இயலாமை, மற்றெல்லாக் காரியங்களையும்விட அதனையே முதன்மையாகக் கொள்ளுதல், தீங்கு நேர்ந்தபின்னும் விடாது தொடர்தல். இவை பொதுவாக ஓராண்டளவேனும் நீடித்து வாழ்வைக் குலைத்தால்தான் நோய் எனப்படும். விடுமுறையில் இரண்டு மணி நேரம் ஆடிய குழந்தையை நோயாளி எனக் கருதி அஞ்சுதல் வேண்டா.

ஆயின் நாம் செய்யத்தக்கது யாது? கருவியை வீசி எறிய இயலாது, எறியவும் வேண்டியதில்லை. அதனையே நற்பணியில் அமர்த்தலாம். கைபேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்து, வாரத்திற்கு ஒரு கடிதம் தமிழெழுத்தில் பாட்டிக்கு எழுதும்படி குழந்தையைப் பழக்குக. பத்து வரி போதும். பாட்டி எழுத்திலேயே மறுமொழி அனுப்புவாராயின், படிக்கும் தேவை தானே பிறக்கும். உணவு வேளையில் பெரியோரும் சிறியோரும் கருவியை அப்பால் வைத்துவிடுக. பெற்றோர் வைக்காததைப் பிள்ளைகள் வைக்கமாட்டார்கள். அச்சமோ சினமோ ஊட்டும் செய்தி வந்தால், பிறருக்கு அனுப்புமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்க: கண்டவர் யார்? நடந்த இடம் எது? நடந்த நாள் எது? மூன்றிற்கும் விடை கிடையாதாயின் அது உங்களோடு நிற்கட்டும்.

இவை யாவற்றிற்கும் மேலாக, அடுத்த வீட்டாரோடு பழகுக. பண்டிகை நாளில் பலகாரம் கொடுத்தனுப்பும் பழைய வழக்கம் வெறும் உபசாரம் அன்று. கைபேசியில் தீய செய்தி வரும் நாளில், கதவைத் தட்டி, "இது மெய்தானா?" என்று கன்னடத்திலேயே கேட்பதற்கு ஒருவர் வேண்டும். அத்தகைய ஒருவர் அடுத்த வீட்டில் உள்ள குடும்பம் எளிதில் கலங்காது.