அடுப்புப் புகைக்கு ஒரு வழி

இடம்பெயர்ந்த குடும்பம் கொட்டில் போடும்போது கூரையையும் மறைப்பையுமே முதலில் எண்ணுகிறது. அடுப்பைப் பற்றிய யோசனை கடைசியிலேயே வருகிறது. சொந்தக் காணியில் குசினி தனியாக இருந்தது. கொட்டிலிலோ சமையலும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. வீட்டு அடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே புகைக்கு வழி அமைப்பது வசதிக்காக அன்று, உயிருக்காக.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

1990களில் பொருளாதாரத் தடையால் வடக்கில் மண்ணெண்ணெய் அரிதாகியது. 2022 இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் நாடெங்கும் தட்டுப்பாடாகின. இத்தகைய வேளைகளில் விறகு, உமி, மரத்தூள் என்பனவே கைகொடுக்கின்றன. இறுக்கி நிரப்பிய மரத்தூள் அடுப்பு பல மணிநேரம் எரியும். சிக்கனமானதுதான். ஆனால் சமையல் முடிந்த பின்பும் அது உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

காற்றுப் போதாமல் கனலும் எதிலிருந்தும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு வெளிவரும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. “புகை அடங்கிவிட்டதுதானே” என்று மாரி இரவில் தணல் அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பதே பேராபத்து. குழாய் இல்லாத மரத்தூள் அடுப்பையும் தணற்சட்டியையும் வெளியே, மழை படாத திறந்த தாழ்வாரத்தில் மட்டும் வையுங்கள்.

புகைக்குழாய் அமைத்தல்

தறப்பாள் கூரைக்குள்ளால் குழாய் விடவே கூடாது. அத்தகைய கொட்டிலில் வாழ்வோர் அரைச்சுவருடன் சிறு குசினியை வெளியே அமைப்பதே நன்று. கிடுகு அல்லது தகரக் கூரையின் கீழ் மண் அடுப்பு போடுவோர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. அடுப்பின் பின்புறத்தில் 4 அங்குல விட்டமுள்ள தகரக் குழாயைப் பொருத்தி, மூட்டுகளைக் களிமண்ணால் பூசுங்கள். பிளாஸ்டிக் குழாய் உருகி எரியும்.

2. குழாய் நேராக மேலே செல்லட்டும். வளைவு கூடினால் இழுவை குறையும்.

3. கிடுகு, ஓலை, மரம் ஆகியவற்றிலிருந்து குழாய் 18 அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். கிடுகுக் கூரையில் 4 அடிச் சதுரத்துக்குக் கிடுகையும் மரத்தையும் அகற்றித் தகரம் போட்டு, அதன் நடுவால் குழாயை விடுங்கள்.

4. குழாயின் வாய் கூரை முகட்டுக்கு மேல் 2 அடி உயர்ந்திருக்கட்டும். தாழ்ந்திருந்தால் சோளகமும் வாடையும் புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மழைமூடிக்கும் குழாய்க்கும் இடையே 4 அங்குல இடைவெளி விடுங்கள்.

5. புகை வெளியேற வேண்டுமாயின் புதுக் காற்று உள்ளே வரவேண்டும். சுவரின் அடியில் ஒரு திறப்பு விடுங்கள். குளிருக்காக அதைச் சாக்கால் அடைக்காதீர்கள்.

சோதனையும் பராமரிப்பும்

அடுப்பு எரியும்போது புகையும் தென்னந்தும்பை அதன் வாயருகே பிடியுங்கள். தும்பின் புகை உள்ளே இழுபட்டால் குழாய் நன்றாக வேலை செய்கிறது. வெளியே திரும்பினால் அடைப்பு, ஓட்டை, உயரக் குறைவு ஆகியவற்றைத் தேடுங்கள். மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறிய பின், குழாயைத் தட்டிக் கரியை அகற்றுங்கள். படிந்த கரி தீப்பற்றினால் கூரையும் எரியும். அடுப்பருகில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

ஆபத்தின் அறிகுறிகள்

தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், அசாதாரணத் தூக்கம் என்பன வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் ஏற்பட்டால் காய்ச்சல் என எண்ணித் தாமதிக்காதீர்கள். எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவாருங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வெளியே வந்ததும் சுகமானாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கூடுதலாகப் பாதிக்கப்படுவர்.

இது தனி ஒருவர் செய்து முடிக்கும் வேலையன்று. தகரம் வெட்டத் தெரிந்தவர் ஒருவர், மண் குழைப்பவர் ஒருவர், கூரை ஏறுபவர் ஒருவர் எனச் சேர்ந்தால் சிரமதானமாக வீடு வீடாகச் செய்துவிடலாம். தற்காலிகக் கொட்டில்தானே என்று விட்டுவிடாதீர்கள். நாம் இருக்கும் இடம் தற்காலிகமாக இருக்கலாம். அதனுள் உறங்கும் பிள்ளைகளின் உயிர் தற்காலிகமானதல்ல.