கான்வாயில் வாசிக்க ஒரு நண்டு, ஒரு பறவை, ஒரு நீச்சல்கார யானை!

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கிளம்பி வடக்கே டிக்லிபூர் வரை போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில் நினைத்த நேரத்துக்குக் காரை ஓட்ட முடியாது, தெரியுமா? ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியுமுன்னே வண்டிகள் வரிசை கட்டும். குறித்த நேரத்தில் கான்வாயாகத்தான் விடுவார்கள். உள்ளே ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம். நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது. பின்சீட்டில் பிள்ளைகள்! அந்த நேரத்துக்குத்தான் விசித்திர விலங்குகள் நிறைந்த புத்தகம் ஒன்று பையில் இருக்க வேண்டும்.

முதல் பக்கம் தென்னை நண்டுக்கு. நிலத்தில் வாழும் கணுக்காலிகளிலேயே இதுதான் பெரியது. எடை நாலு கிலோ வரை போகும், கால்களை விரித்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர்! தேங்காயைக் கொடுக்கால் உரித்து உடைத்துத் தின்னும். கடலில் பொரிக்கிறது, குட்டியாக இருக்கும்போது காலிச் சங்குக்குள் ஒளிந்து திரிகிறது, வளர்ந்ததும் சங்கைக் கழற்றி எறிகிறது. அப்புறம் கடலில் தள்ளினால் மூழ்கியே செத்துப்போகும். நண்டு நீரில் மூழ்கிச் சாகுமா என்று பிள்ளைகள் பத்து கிலோமீட்டருக்குச் சண்டை போடுவார்கள், பாருங்கள்!

நிக்கோபார் மேட்டுக்கோழி அடைகாக்கவே காக்காது, தெரியுமா? மண்ணையும் சருகையும் காலால் வாரிக் குவித்து மேடு கட்டும், முட்டையை அதற்குள் புதைத்துவிட்டுப் போகும். சருகு மட்கும் சூட்டிலும் வெயிலிலும் குஞ்சு பொரிக்கும். தானே தோண்டிக்கொண்டு மேலே வரும், தானே இரை தேடும், அம்மா அப்பா யாரென்றே தெரியாது. ஹோம்வொர்க் பற்றிக் கேட்க ஆளில்லாத வாழ்க்கை! 2004 சுனாமியில் கரையோர மேடுகள் ஏராளமாக அடித்துச் செல்லப்பட்டன.

எச்சிலாலேயே கூடு கட்டும் உழவாரக் குருவி குகை இருட்டில் ‘டிக் டிக்’ என்று ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே வழி கண்டுபிடிக்கும். அந்தக் கூட்டைச் சூப் வைத்துக் குடிக்க வெளிநாடுகளில் கொள்ளை விலை. நம் கோவை ஆனைகட்டியின் சாலிம் அலி மையத்து ரவி சங்கரன், 1999 வாக்கில் வனத்துறையோடு சேர்ந்து இந்தக் குகைகளுக்குக் காவல் போட வைத்தார்.

யானை? மரம் இழுக்க வந்த யானைகள் இங்கே தீவுக்குத் தீவு நீந்தின! அவற்றில் கடைசியான ராஜன், ஹேவ்லாக்கில் 2016இல் இறந்தது. இன்டர்வியூ தீவில், மூடிப்போன மரக் கம்பெனி விட்டுச்சென்ற யானைகள் காட்டு யானைகளாகிவிட்டன.

சரி, புத்தகம்? சென்னை முதலைப் பண்ணையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸாய் விட்டேகர் எழுதிய ‘அந்தமான்ஸ் பாய்’ (துளிகா வெளியீடு), மும்பையிலிருந்து ஓடிப்போய் ஜாரவாக்களிடம் சேரும் சிறுவனின் கதை. பங்கஜ் சேக்சரியாவின் ‘வெயிட்டிங் ஃபார் டர்ட்டில்ஸ்’ (கரடி டேல்ஸ்), ஆமைக்காக இரவில் கடற்கரையில் காத்திருப்பதைச் சொல்லும் படக்கதை. இரண்டும் ஆங்கிலத்தில் எழுதியவை. படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனால் சுவை கூடும். தமிழிலேயே வேண்டுமென்றால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ பழைய இதழ்கள் நாலைந்து போதும். பெரியவர்களுக்குத் தியடோர் பாஸ்கரனின் இயற்கைக் கட்டுரைகள்.

ஆமை என்றதும் ஒன்று: லிட்டில் அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய தோணி ஆமைகளில் சில, ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கம் வரை நீந்திப் போயிருக்கின்றன! அதே ஆமை முட்டையிடும் கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில்தான் துறைமுகம் கட்டத் திட்டம். பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். காப்பகத்துக்குள் ஓடும் இந்தச் சாலையை மூட உச்ச நீதிமன்றம் 2002லேயே உத்தரவிட்டது; வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அதனால் ஜாரவாக்களைத் தேடி ஜன்னலில் கண்ணை ஒட்ட வைக்காமல் புத்தகத்தைப் பிரியுங்கள். வளைவுகள் அதிகம், குனிந்து படித்தால் குமட்டும். தலைசுற்றாத ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.