பீடித் தொழிலாளர் குடும்பங்களின் ஓய்வுக்காலத் திட்டமிடல்

தாமிரபரணிப் பகுதியில் வீட்டிலிருந்தே பீடி சுற்றுவது பெண்கள் பெருமளவில் ஈடுபடும் தொழில் ஆகும். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் முதலிய ஊர்களில் இத்தொழில் பரவலாக உள்ளது. கணவர் வயல்வேலை, கட்டடவேலை போன்ற அமைப்புசாராத் தொழில் செய்யும் குடும்பங்களில், மனைவியின் வருங்கால வைப்பு நிதிக் கணக்கே இருவரின் முதுமைக்கும் முதன்மையான சேமிப்பாக அமைவதுண்டு.

சட்டப் பின்னணி

வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1977 ஆம் ஆண்டு பீடித் தொழிலுக்கு விரிவுபடுத்தப்பட்டது. வீட்டிலிருந்து பீடி சுற்றுவோருக்கும் அச்சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1985 இல் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பழைய திட்டங்கள் இடைக்காலத்தில் தொடர அது இடமளித்தது.

கணக்கிடும் முறை

பீடித் தொழிலில் தொழிலாளியும் நிறுவனமும் ஊதியத்தில் தலா 10 விழுக்காடு செலுத்தும் முறை வகுக்கப்பட்டது. நிறுவனத்தின் பங்கில் 8.33 விழுக்காடு, 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்லும். குறைந்தது 10 ஆண்டுகள் பணி செய்தவர் 58 வயதில் ஓய்வூதியம் பெறுவார். கடைசி 60 மாதங்களின் சராசரி ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி, 70 ஆல் வகுத்தால் மாத ஓய்வூதியம் கிடைக்கும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஓய்வூதியர் இறந்தபின் கணவருக்கோ மனைவிக்கோ குடும்ப ஓய்வூதியம் உண்டு.

பத்தாண்டு வரம்பு

பத்தாண்டு நிறைவதற்கு முன் வேலையை விடுபவர் ஓய்வூதிய நிதிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். அல்லது திட்டச் சான்றிதழ் பெறலாம். எடுத்துக்காட்டாக, ஒரு பெண் ஒரு நிறுவனத்தில் 8 ஆண்டுகளும் பின்னர் மற்றொன்றில் 7 ஆண்டுகளும் பணி செய்வதாகக் கொள்வோம். முதல் நிறுவனத்தை விட்டதும் மகளின் திருமணச் செலவுக்காகப் பணத்தை எடுத்தால், கணக்கில் எஞ்சுவது 7 ஆண்டுகளே, ஓய்வூதியம் கிடையாது. சான்றிதழ் பெற்றிருந்தால் 15 ஆண்டுகள் சேரும். சராசரி ஊதியம் 7,000 ரூபாய் எனில் வாழ்நாள் முழுவதும் மாதம் 1,500 ரூபாய் கிடைக்கும்.

பெயர்ப் பதிவு

பீடி சுற்றுபவரின் பெயர் நிறுவனப் பதிவேட்டில் இருத்தல் இன்றியமையாதது. தாயின் பாஸ் புத்தகத்தில் மகளும் சேர்ந்து சுற்றினால், அந்த உழைப்பு தாயின் கணக்கில் மட்டுமே சேரும். மகளின் பணி ஆண்டுகள் எங்கும் பதிவாகா. ஆதார் அட்டையிலும் வைப்பு நிதிக் கணக்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருப்பதும் தேவை.

கணவரின் பங்கு

வைப்பு நிதி இல்லாத கணவர், 2015 இல் தொடங்கப்பட்ட அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம். இத்திட்டத்தில் 60 வயது முதல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, தேர்ந்தெடுத்த தொகை வழங்கப்படும். அவர் இறந்தபின் அதே தொகை மனைவிக்குத் தொடரும். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவருக்கு வாரிய ஓய்வூதியமும் உண்டு. மனைவியின் கணக்கு பத்தாண்டைக் கடப்பதும், கணவர் 40 வயதுக்குள் ஒரு திட்டத்தில் சேர்வதும் இத்தகைய குடும்பங்களின் திட்டமிடலில் முதன்மையானவை.